கொலுசு போட்ட உப்பளத்துக்காரி

ராமநாதபுரத்தில் நான் வைத்திருக்கும் டிசைன் கடைக்கு முதல்முறை வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை மாடலைக் கேட்பதற்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பார்கள். சுவர் முழுக்கப் பழைய விளம்பரப் படங்கள். டீத்தூள் டப்பாவின் தகரம், தீப்பெட்டி லேபிள், பீடிக்கட்டுக் காகிதம், உரக் கம்பெனி காலண்டர், ஏதோ தையல் மெஷின் கடையில் ஒரு காலத்தில் தொங்கிய அட்டை. பழைய பேப்பர்க் கடைக்காரர் இந்த மாதிரி எது வந்தாலும் எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார். எல்லாப் படத்திலும் வேலை செய்கிற பெண்கள்.

வேலை செய்கிற என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். உரக் காலண்டரில் ஒருத்தி நாற்று நடுகிறாள். முழங்கால் வரை சேற்றில் நிற்கிறாள், புடவையில் ஒரு துளி தெறிக்கவில்லை. டீ பறிக்கிறவள் கொழுந்தைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்படிப் பறித்தால் மேஸ்திரி சும்மா விடுவானா? பீடி சுற்றுகிறவளுக்கு நகத்தில் சிவப்புச் சாயம். டானிக் விளம்பரத்து நர்ஸைப் பார்த்தால், வார்டில் நாள் முழுக்க நின்றவள் மாதிரியா இருக்கிறாள்? குளித்து, பவுடர் போட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருக்கிறாள். எனக்கு இதையெல்லாம் பார்த்தால் ஆத்திரம் வரும். கண்ணை எடுக்கவும் முடியாது. வரைந்த கை அப்படி. அந்தப் புடவை மடிப்பை நான் கம்ப்யூட்டரில் நாள் கணக்கில் மல்லுக்கட்டினாலும் கொண்டுவர முடியாது. திட்டிக்கொண்டே கும்பிட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எந்தப் படத்திலும் புருஷன் கிடையாது. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை மட்டும் ஓவியன் மறக்காமல் போட்டிருப்பான். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலி, கை நிறைய வளையல். புருஷனை இழந்தவள் நாற்று நட்டதாக, டீ பறித்ததாக, பீடி சுற்றியதாக எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் வேலைக்குப் போகிற பெண்களில் எத்தனை பேர் அப்படிப்பட்டவர்கள் என்று காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும்.

இந்தக் கிறுக்கு எனக்கு ஓர் உப்புக் காலண்டரில் பிடித்தது.

என் ஊர் வாலிநோக்கம். கடலுக்குப் போன அய்யா திரும்பி வராதபோது நான் சின்னப் பிள்ளை. அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். பொங்கலுக்கு அளத்து முதலாளி எல்லாருக்கும் காலண்டர் கொடுப்பார். வழக்கமாகச் சாமி படம்தான். ஒரு வருஷம் என்ன தோன்றியதோ, உப்பு அள்ளுகிற பெண்ணைப் போட்டுவிட்டார்.

ரோஸ் நிறத்தில் ஒரு பெண். சரிகை வைத்த சிவப்புப் புடவை. காதோரம் பூச்சரம் தொங்குகிறது. இடுப்பில் உப்புக் கூடை, காலில் கொலுசு, கையில் மருதாணி. பின்னால் கடல், தென்னை மரம். அளத்துக்குள் தென்னை மரம் எங்கிருந்து முளைத்தது என்று வரைந்தவனைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டு வாசலில் வைத்து அம்மாவும் கூட வேலை பார்க்கிற பெண்களும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள்.

"ஆத்தாடி, கொலுசு போட்டுக்கிட்டு உப்புப் பாத்திக்குள்ள எறங்கிருக்கா பாரு!"

"கூடைய இடுப்புல வெச்சிருக்காளே, உப்புத்தண்ணி ஒழுகிச் சேலை என்னத்துக்கு ஆகும்?"

"அவளுக்கென்ன, வீட்டுக்குப் போனா வேற பட்டுச்சேலை இருக்கும். நம்மளாட்டம் மாத்துச்சேலைக்குச் சிங்கியடிக்கவா போறா?"

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மாதான். ஆனால் வருஷம் முடிந்ததும் மற்ற வீடுகளில் அந்தக் காலண்டர் அடுப்புக்குப் போனது. அம்மா தேதித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் சோற்றுப் பசை தடவிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் பக்குவமாகப் பெயர்த்து, திரும்ப அதே இடத்தில் ஒட்டுவாள்.

கொஞ்சம் விவரம் வந்த வயதில் ஒருநாள் கேட்டேன். "ஏம்மா இந்தக் கண்றாவிய இன்னும் வெச்சிருக்க?"

"இருந்துட்டுப் போறா. உன்கிட்ட என்ன சோறா கேக்குறா?" என்றாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் அளத்துக்குக் கஞ்சி கொண்டு போவது என் வேலை. அங்கே இருந்த அம்மாவுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. புடவைக்கு மேல் அய்யாவின் பழைய முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பாள். தலையில் துண்டைப் புருவம் வரை இழுத்துப் பின்னால் முடிச்சுப் போட்டிருப்பாள். காலில் யாரோ கொடுத்த சாக்ஸ். வெயிலும் உப்பும் கண்ணைப் பறிக்கும். அந்த வெளிச்சத்தில் எல்லாரும் ஒரே மாதிரி குனிந்து பலகையால் உப்பை வாரிக்கொண்டிருப்பார்கள். எது என் அம்மா என்று எனக்குத் தெரியாது. அவள்தான் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவாள். சில நாள் சாயங்காலம் வரை இருந்து அம்மாவோடு திரும்புவேன். அப்போது வரப்போரத்தில் வாடிய கனகாம்பரம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பூச்செடிக்கு வழியில்லாத அந்த இடத்தில் யாரோ அம்மனை நினைத்துப் போட்டிருப்பார்கள் என்று தாண்டிப் போய்விடுவேன்.

போன வருஷம் எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவி என் கடைக்கு வந்தாள். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். குழுவில் உப்பளப் பெண்களும் இருக்கிறார்கள், அளத்து வேலையிலிருந்து நின்றுவிட்ட வயதானவர்களும் இருக்கிறார்கள். கல்லுப்பைத் தாங்களே பாக்கெட் போட்டு விற்கப் போகிறார்களாம். அதற்கு லேபிள் வேண்டும்.

"பொம்பளைக அள்ளுற உப்புன்னு பாத்த ஒடனே தெரியணும்க்கா" என்று செல்போனை நீட்டினாள். ஏதோ செயலியில் கேட்டு வாங்கிய படம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஸ் நிறம், சிவப்புப் புடவை, இடுப்பில் கூடை. கொலுசுகூட இருந்தது. இத்தனை காலம் கழித்து மெஷினும் அதே பெண்ணைத்தான் வரைகிறது. தென்னை மரத்தைக்கூட விடவில்லை.

"ஏன்டி, நம்ம ஊருல எவ இப்பிடி அள்ளுறா? நீ சொல்லு" என்றேன்.

"படம்னா கொஞ்சம் அப்பிடித்தானக்கா இருக்கும்."

"இருக்காது. நெசமா அள்ளுனவ மொகத்தப் போடுறேன். எங்கம்மாவப் போடுறேன்."

அவள் தயங்கினாள். என் அம்மா அவளுக்குப் பெரியம்மா முறை; பெரியம்மா ஒத்துக்கொண்டால் சரி என்று கிளம்பிப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து, இருங்கடி, உங்களுக்கெல்லாம் ஒரு பதில் சொல்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலியால் அவள் அளத்துக்குப் போவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிறது. மீன் அலசிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"என் படமா? பாக்கெட்டுலயா? கடைல எல்லாம் தொங்குமா?"

"தொங்கும்."

அவள் பார்வை கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்துக்குப் போனது. "எப்பிடிப் போடுவ?"

"நீ வேலைக்குப் போவியே, அப்பிடியேதான். சட்டை, துண்டு, எல்லாம்."

சந்தோஷம் பொசுக்கென்று அணைந்துவிட்டது. "சரி" என்று எழுந்து மீனிடம் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியிலிருந்து அய்யாவின் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் ஆட்டோ நிற்கிறது. நான் அவசரப்படுத்த, அவள் முறைக்க, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"உப்பளத்துக்குப் போனத வெளிய காட்டக் கேவலமா இருக்காம்மா உனக்கு?"

"எவடி கேவலம்னு சொன்னது?" என்று திரும்பினாளே பார்க்க வேண்டும். "இந்தச் சட்டையப் போட்டுத்தான்டி உன்னையக் காலேஜி வரைக்கும் அனுப்புனேன். கேவலமாம்ல! வாயக் கழுவு."

"அப்பறம் என்னதான் உனக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஆட்டோவில் போய் ஏறினாள். அளத்தில் இறங்கி, பலகையைக் கையில் கொடுத்து நிற்க வைத்தேன். துண்டைக் கட்டும்போது, "தலையில..." என்று என்னவோ ஆரம்பித்தாள். ஆட்டோக்காரரும் அளத்து வாட்ச்மேனும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"துண்டு நல்லாத்தான்ம்மா இருக்கு, பேசாம நில்லு" என்று நான் போட்டோவை எடுத்துத் தள்ளினேன்.

கடைக்கு வந்து அந்த லேபிளைப் பழைய காலண்டர்களின் பாணியிலேயே வரைந்தேன். அதே மாதிரி வழவழப்பான வானம், அதே மாதிரி மடிப்பு மடிப்பாகத் துணி. ஆனால் ஆள் மட்டும் நிஜம். கறுத்த முகம், சட்டைக் கையில் உப்புப் பூத்த கறை, பலகையைப் பிடித்த காய்த்த விரல்கள். புருவம் வரை துண்டு இருந்ததில் முகமே தெரியவில்லை. அதனால் துண்டைக் கொஞ்சம் மேலே தூக்கி நெற்றியைக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று நினைத்தேன். பெருமை பிடிபடவில்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு, குழு உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போனேன். பெண்கள் உப்பு மூட்டைகள் மேலும் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அவளோடு காலமெல்லாம் வேலை பார்த்த சின்னம்மாவும் கதவோரம் இருந்தார்கள். சொந்தச் சின்னம்மா இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம்.

படம் கை மாறிக் கை மாறிப் போனது. "அச்சு அசலா பெரியம்மாதான்" என்றார்கள். கடைசியில் தலைவி கையில் நின்றது.

"அக்கா, கோவிச்சுக்கிறக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லு."

"படம் நல்லாத்தான் இருக்கு. நெத்திதான்..." என்று இழுத்தாள். "இது உப்பாச்சேக்கா. புது வீட்டுக்குக் குடிபோறவுக மொதல்ல உப்பத்தான் கொண்டு போறாக. லச்சுமின்னு சொல்லி வெள்ளிக்கெழம பாத்து வாங்குறாக. பாக்கெட்டுல நெத்தி வெறுமையா இருந்தா கையில எடுப்பாகளா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. உப்புக்கார வீட்டில் பிறந்து, உப்புச் சாத்திரம் எல்லாம் தெரிந்தவள், வரையும்போது ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஒருத்தியும் அம்மா பக்கம் திரும்பவில்லை. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நெற்றியில் பொட்டு கிடையாது. அவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப இங்கன நெத்தி வெறுமையா உக்காந்திருக்கவுக அள்ளுன உப்பையெல்லாம் என்ன செய்யிறது? கடல்ல கொண்டுபோய்த் திருப்பிக் கொட்டிருவமா?" என்று கத்தினேன். "அள்ளுன கை ஆகும், மொகம் ஆகாதா?"

"நான் சொல்லலக்கா, வாங்குறவுக சொல்லுவாக" என்றாள் தலைவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளும் என்ன செய்வாள், பாக்கெட் விற்க வேண்டும்.

அப்போது கதவோரத்திலிருந்து அம்மா சொன்னாள். "பொட்டு வெச்சுரு. பூவும் வெச்சுரு."

"இவுகளுக்குப் பயந்து நீ ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம்மா."

"எவளுக்கும் பயந்து சொல்லல. எனக்கு வேணும்."

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா அவள் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

"சொல்லிருடி, இனி என்ன இருக்கு" என்றாள் சின்னம்மா. அம்மா சொல்வதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "உங்கம்மா பூ இல்லாம பாத்திக்குள்ள எறங்குனதே கெடையாது. அவ மட்டுமில்ல, நாங்க நாலஞ்சு பேரு."

"என்ன பூ? எங்க வெச்சீக?"

"துண்டுக்குள்ள" என்றாள் அம்மா.

கிட்டங்கி முழுக்க அவளையே பார்த்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னாள்.

"முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஒருத்தி நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா. அவளுக்கும் புருஷன் இல்ல. அவ வீட்டுக் கொல்லையில கனகாம்பரம் பூக்கும். தூக்குச்சட்டி மூடிக்குள்ள வெச்சுக் கொண்டாருவா. அளத்துக்குப் போனதும் வெச்சுக்கிட்டுத் துண்டக் கட்டிருவோம். துண்டக் கட்டிட்டா உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? சாயங்காலம் வரப்புலயே எடுத்துப் போட்டுட்டு வந்துருவோம்."

"மல்லியப்பூ வெக்கணும்னுகூட ஆச உண்டு" என்றாள் சின்னம்மா. "ஆனா மல்லின்னா வாசம் காட்டிக் குடுத்துரும். கனகாம்பரத்துக்குத்தான் வாசம் கெடையாது."

வரப்பில் வாடிக் கிடந்த பூக்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அம்மனுக்குப் போட்டது என்று தாண்டிப் போன பூக்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தை நான் பொய் பொய் என்று கரித்துக்கொட்டிய அத்தனை வருஷமும் அம்மா ஒரு வார்த்தை மறுத்ததில்லை. பட்டுச்சேலை பொய்தான், கொலுசு பொய்தான். பூ மட்டும் பொய்யில்லை. உள்ளதை உள்ளபடி வரைகிறேன் என்று கிளம்பிய நான், துண்டை மேலே தூக்கிவிட்டு அதற்கடியில் வெறும் தலையை வரைந்து வைத்திருக்கிறேன்.

"அதுக்குத்தானா அந்தக் காலண்டர்?" என்று கேட்டேன்.

"அவ கொடுத்து வெச்சவடி. துண்டு இல்லாம வெச்சிருந்தா" என்றாள் அம்மா.

அப்புறம் தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரியம்மா, பூ துண்டுக்கு வெளிய தெரியிற மாதிரியா?" என்று கேட்டாள்.

"வெளியதான். உள்ள வெச்சு வெச்சுப் புழுங்குனது போதும்" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "சட்டைய எடுத்துறாத. அது உங்கய்யா சட்டை. அது இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே வரைந்தேன். சட்டை, சட்டைக் கையில் கறை, காய்த்த விரல், கறுத்த முகம், நெற்றியில் பொட்டு. துண்டுக்கு வெளியே காதோரம் கனகாம்பரச் சரம். அந்தப் பூவின் நிறத்துக்காக அச்சுக்காரரோடு இரண்டு தடவை சண்டை போட்டேன். முதல் பிரிண்டில் சிவப்பாக அடித்துவிட்டார், அடுத்ததில் மஞ்சளாக. கனகாம்பரம் என்றால் கனகாம்பரமாகத்தானே இருக்க வேண்டும்?

முதல் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். போகிற வழியில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கனகாம்பரமும் வாங்கிக்கொண்டேன். வாங்கிவிட்டேனே தவிர, கொடுப்பதா வேண்டாமா என்று ஊர் வரும் வரை யோசித்துக்கொண்டே போனேன். படத்தில் வைப்பது வேறு, தெருவில் வைப்பது வேறு. எங்கள் தெரு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அம்மா பாக்கெட்டை வாங்கித் தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். "மூக்குதான் கொஞ்சம் பெருசாப் போட்ட" என்றாள். காலண்டர்காரிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். அப்புறம் என் பையிலிருந்து வாழை இலைப் பொட்டலம் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தவள், "அந்தத் துண்டு எங்கன கெடக்கு, எடு" என்றாள்.

கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்தேன். பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, துண்டைக் கையில் வாங்கி உதறினாள். காலண்டர்காரியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துண்டைத் திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"தண்ணி வந்துருக்கும்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு, துண்டில்லாமல், தலையில் பூவோடு தெருக் குழாய்க்குப் போனாள்.